எது வீண்? மறைமலை நகர் முதல் மதுரை வரை ஒரு தொழில் வரலாறு

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள்: "உன் தொழிலைப் பற்றி எழுது, ஆனால் பாடம் நடத்தாதே!" மருத்துவக் கருவி உற்பத்தியில் வேலை பார்க்கிறவனுக்கு இது கொஞ்சம் கஷ்டமான நிபந்தனைதான். எனவே பாடத்தை விட்டுவிட்டு வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. கட்டுரை முடிவதற்குள் அது உங்களுக்கே புரிந்துவிடும்.

நம் கல்லூரியில் படித்துவிட்டு மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், ஆலத்தூர் என்று செங்கல்பட்டு மாவட்டத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்த்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கெல்லாம் 'லீன்' என்ற சொல் பழக்கமானது. சுவரில் போர்டு, தரையில் மஞ்சள் கோடு, மாதம் ஒரு ஆடிட். "லீன்னா என்னப்பா?" என்று கேட்டால் "வீண் களையறது சார்" என்று எதுகையோடு பதில் வரும். பதில் சரிதான். ஆனால் அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. எது வீண்? கார் கம்பெனியில் இதற்குப் பதில் சுலபம். மனிதனுடைய கண்ணுக்குள்ளும் இதயத்துக்குள்ளும் போகிற பொருளைச் செய்கிற இடத்தில் அவ்வளவு சுலபம் இல்லை.

மாமல்லபுரத்தில் ரதங்களைச் செதுக்கிய பல்லவர் காலத்துச் சிற்பிகளுக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரிந்திருக்கும். ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து கோயில் செய்வது என்றால், வேண்டாத கல்லை எடுப்பதுதான் முழு வேலையும். ஆனால் ஓர் உளி வீச்சு அதிகமாகிப் போனால், எடுத்த கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது.

ஜப்பானில் பிறந்த கதை

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஜப்பானியக் கார் தொழிலிடம் பணமும் இல்லை, பெரிய சந்தையும் இல்லை. அமெரிக்காவில் செய்வதுபோல் ஒரே மாதிரிக் கார்களை லட்சக்கணக்கில் செய்து குவித்து வைக்க வழியில்லை. டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் இந்த வறுமையிலிருந்துதான் தன் முறையை உருவாக்கினார். அடுத்த கட்டத்துக்கு எப்போது, எவ்வளவு வேண்டுமோ அதை மட்டும் செய். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கு மட்டும் அலமாரியை நிரப்புவார்களே, அந்த மாதிரி. அதற்கான சீட்டுக்குப் பெயர் கான்பான். இன்னொரு யோசனை அதற்கும் மூத்தது. சாகிச்சி டொயோடாவின் 1924-ம் வருடத் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். பழுது வந்தால் உடனே நிறுத்து, பழுதை அடுத்த ஆளுக்குத் தள்ளாதே என்பது அந்தத் தறி சொல்லிக்கொடுத்த பாடம்.

ஓனோ ஏழு வகை வீண்களைப் பட்டியல் போட்டார். தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, பொருளை இங்குமங்கும் தூக்கிச் செல்வது, வேண்டாத வேலையைச் செய்வது, சரக்கைக் குவிப்பது, ஆள் சும்மா நடப்பது, பழுதாகச் செய்வது. இவற்றில் தேவைக்கு மேல் செய்வதே மோசமானது, மற்ற வீண்களையெல்லாம் மறைத்து வைப்பது அதுதான் என்பது அவர் கருத்து. 1988-ல் ஜான் கிராஃப்சிக் என்பவர் இந்த முறைக்கு 'லீன்' என்று பெயர் வைத்தார். 1990-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் எழுதிய புத்தகம் அந்தப் பெயரை உலகமெங்கும் கொண்டுபோனது.

நம் ஊருக்கு வந்த வழி

தமிழ்நாட்டில் இதற்கு வாசல் திறந்தது பாடி. அங்கிருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998-ல் டெமிங் பரிசு பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அந்தப் பரிசை வாங்கியது அதுவே முதல் தடவை. யோஷிகாசு சுடா என்ற ஜப்பானியப் பேராசிரியர் இங்கே வந்து பல உதிரிபாக நிறுவனங்களுக்கு வழிகாட்டினார். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 1999-ல் மறைமலை நகரில் ஃபோர்டு, 2007-ல் சிங்கப்பெருமாள் கோவில் அருகே பி.எம்.டபிள்யூ. என்று ஜி.எஸ்.டி. சாலையும் அதன் சுற்றுவட்டாரமும் கார் ஊர்களாக மாறின. ஃபோர்டு ஆலை வருடத்துக்கு 2 லட்சம் கார் செய்யும் திறனோடு வளர்ந்து, 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. ஆனால் அங்கே கற்றவர்கள் கற்றதை மறக்கவில்லை. அவர்களில் சிலர் வேறு துறைகளுக்குப் போனார்கள், மருத்துவக் கருவித் துறைக்கும் வந்தார்கள். எங்கள் லைனில் இருந்த சீனியர் ஒருவர் கார் கம்பெனியிலிருந்து வந்தவர்தான். முதல் வாரமே ஸ்டாப் வாட்சோடு சுற்றி வந்து, "ஒவ்வொரு பேட்ச்சுக்கு நடுவுலயும் அரை மணி நேரம் டேபிளைக் காலி பண்ணி, லேபிளை எண்ணி, கையெழுத்துப் போடறீங்களே, இது சுத்த வேஸ்ட்" என்றார். இருபது வருஷமாக இன்ஸ்பெக்ஷன் பார்த்த ஒரு அக்கா நிமிர்ந்தும் பார்க்காமல் சொன்னார்: "சார், கார்ல தப்பு நடந்தா திருப்பிக் கூப்பிட்டு மாத்திக் குடுப்பீங்க. இது கண்ணுக்குள்ள போயிட்டா யார் சார் திருப்பிக் கூப்பிடறது?"

அந்த அரை மணி நேரத்துக்கு 'லைன் கிளியரன்ஸ்' என்று பெயர். முந்தைய பேட்ச்சின் லென்ஸோ லேபிளோ ஒன்றுகூட மேஜையில் தங்கவில்லை என்று உறுதி செய்கிற வேலை. 21 பவர் லென்ஸ் 24 என்ற லேபிளோடு போய்விட்டால், அறுவை முடிந்து கட்டு அவிழ்த்த பிறகுதான் தெரியும். சீனியர் புத்திசாலி, உடனே பிடித்துக்கொண்டார். சோதனையை விட்டுவிட்டு, லேபிள் தேடி ஸ்டோர்ஸுக்கு மூன்று நடை நடப்பதையும், இரண்டு பேர் ஒரே படிவத்தை இரண்டு தடவை நிரப்புவதையும் குறைத்தார். அரை மணி, பதினைந்து நிமிடம் ஆனது. எண்ணுகிற எண்ணிக்கை அப்படியே இருந்தது.

மதுரையில் நடந்தது

லீன் முறை மருத்துவத்துக்கு வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு உலகமே எடுத்துக்காட்டும் கதை ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. லண்டனில் ஹரால்டு ரிட்லி என்ற மருத்துவர் 1949 நவம்பர் 29-ல் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். போரில் விமானக் கண்ணாடிச் சில்லுகள் கண்ணுக்குள் போன விமானிகளைப் பார்த்தபோது, அந்த அக்ரிலிக் பிளாஸ்டிக்கைக் கண் ஏற்றுக்கொள்கிறது என்று அவர் கவனித்திருந்தார். ஆனாலும் 1980-களில்கூட நம் கிராமத்துப் பெரியவர்களுக்குக் கண்புரை எடுத்தால் மிச்சம் சோடா புட்டிக் கண்ணாடிதான். இறக்குமதி லென்ஸ் ஒன்றின் விலை 100 டாலரை ஒட்டி இருந்தது. ஏழைக்கு எங்கே கட்டுப்படியாகும்?

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்து போனவர், அந்த விரல்களோடுதான் பல்லாயிரம் கண்களுக்கு அறுவை செய்தார். அவர் அடிக்கடி உதாரணம் காட்டியது டொயோட்டாவை அல்ல, மெக்டொனால்ட்ஸ் கடையை! எல்லா ஊரிலும் ஒரே தரம், ஒரே முறை, குறைந்த விலை. அதைக் கண் சிகிச்சையில் ஏன் செய்யக் கூடாது என்று கேட்டார். அறுவை அரங்கில் டாக்டருக்குப் பக்கத்தில் இரண்டு மேஜைகள் போட்டார்கள். ஒரு மேஜையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேஜையில் நோயாளியைத் தயார் செய்துவிடுவார்கள். முதல் கண் முடிந்ததும் டாக்டர் மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு அடுத்ததைத் தொடங்குவார். அங்கே ஒரு சர்ஜன் வருடத்துக்கு 2,000 அறுவைக்கு மேல் செய்ய முடிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அறுவையை அவசரப்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். டாக்டர் காத்திருந்த நேரத்தைத்தான் எடுத்தார்கள். ஓனோ பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்.

1992-ல் அரவிந்த், ஆரோலேப் என்ற தன் உற்பத்தி நிறுவனத்தைத் தொடங்கியது. அமெரிக்கரான டேவிட் கிரீன், அரவிந்தின் ஆர். டி. துளசிராஜ், பொறியாளர் டாக்டர் பி. பாலகிருஷ்ணன் ஆகியோர் இதில் முன்னணியில் நின்றார்கள். தொழில்நுட்பம் அமெரிக்காவிலிருந்து வந்தது. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற இளம் பெண்கள். லென்ஸ் விலை 10 டாலருக்கு இறங்கியது, பிறகு அதற்கும் கீழே போனது. "மலிவா இருந்தா மட்டமாத்தான் இருக்கும்" என்ற சந்தேகத்துக்கு ஐரோப்பிய சி.இ. முத்திரை பதில் சொன்னது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரை லென்ஸ் போகிறது.

41 பவரின் கணக்கு

கண் லென்ஸ் செய்வது வெளியிலிருந்து பார்க்க அலுப்பான வேலை. அக்ரிலிக் வில்லையை லேத்தில் கடைந்து, கொக்கி போன்ற இரண்டு கால்களை வெட்டி, கண்ணாடி மணிகளோடு ஜாடியில் போட்டு நாள்கணக்கில் உருட்டி மெருகேற்றி, கழுவி, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்து, பவர் அளந்து, கவரில் போட்டு, எத்திலீன் ஆக்ஸைடு வாயுவில் கிருமி நீக்கம் செய்வார்கள். நடுவில் இருக்கிற பெரிய தலைவலி பவர்தான். 10 டயாப்டரிலிருந்து 30 வரை அரை அரையாக ஏறினால் மொத்தம் 41 பவர். ஒவ்வொரு மாடலுக்கும் இந்த 41. இருபதை ஒட்டிய பவர்கள்தான் அதிகம் வேண்டும். 10-ம் 30-ம் எப்போதோ ஒன்று. பெரிய பெரிய பேட்ச்சாகச் செய்தால் வேண்டாத பவர் குவியும், அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. வேண்டிய பவர் தீர்ந்து போனால், அறுவைக்குத் தேதி வாங்கிய நோயாளியைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

ஓனோவின் முறை இந்த இடத்தில் கைகொடுக்கிறது. சிறிய பேட்ச், விற்றதற்கு ஏற்ப நிரப்புதல், லேத்தில் பவர் மாற்றும் நேரத்தைக் குறைத்தல். ஆனால் கையிருப்பைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோவது என்ற கார் கம்பெனிக் கனவை இங்கே காணக் கூடாது. மருத்துவமனை அலமாரியில் இருக்கிற கூடுதல் லென்ஸ் வீண் அல்ல. அளவெடுத்ததில் சந்தேகம் வந்தால், அறுவை மேஜையிலேயே வேறு பவர் கேட்கிற டாக்டருக்கு அது கையில் இருக்க வேண்டும்.

காத்திருப்பும் கூடுதல் வேலையும்

அடுத்தது காத்திருப்பு. கிருமி நீக்கம் முடிந்த சரக்கு உடனே லாரியில் ஏறாது. வாயுவின் மிச்சம் வெளியேற வேண்டும். கூடவே வைத்த கிருமிச் சோதனைத் துண்டுகளைச் சில நாட்கள் வளர விட்டு, ஒன்றும் முளைக்கவில்லை என்று பார்க்க வேண்டும். கிருமி புகாத சூழலில் நிரப்புகிற மருந்துகளுக்கு 14 நாள் சோதனை. "பதினாலு நாள் சரக்கு சும்மா கிடக்குதே!" என்று கணக்குப் பிள்ளைகள் வயிற்றில் அடித்துக்கொள்வார்கள்.

இந்தக் காத்திருப்புக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1972-ல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் ஒரு மருத்துவமனையில் நரம்பில் ஏற்றிய குளுக்கோஸ் திரவத்தால் 5 நோயாளிகள் இறந்ததாகக் கருதப்பட்டது. ஆட்டோகிளேவின் அடித்தட்டில் இருந்த பாட்டில்கள் போதுமான சூடு ஏறாமலே வெளியே வந்திருந்தன. வெப்பநிலைப் பதிவுக் கருவி அதைக் காட்டியது. 'கருவிதான் பழுது' என்று நினைத்து ஆட்கள் அதை ஒதுக்கிவிட்டார்கள். சோதனைக்கு எடுத்த மாதிரிகளோ நன்றாகவே இருந்தன! இந்த மாதிரிச் சம்பவங்களுக்குப் பிறகுதான் கடைசியில் சோதித்தால் போதாது, கிருமி நீக்கும் முறையையே நிரூபித்துக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. இதில் லீன்காரனுக்கும் ஒரு பரிசு இருக்கிறது. வெப்பம், ஈரம், வாயுவின் அடர்த்தி, நேரம் எல்லாவற்றையும் அளந்து, முறை ஒவ்வொரு தடவையும் பிசகாமல் நடக்கிறது என்று நிரூபித்துவிட்டால், அந்த அளவுகளை வைத்தே சரக்கை விடுவிக்கச் சர்வதேச விதிகள் இடம் தருகின்றன. காத்திருப்பு குறைகிறது. சோதனையைத் தள்ளிவிட்டுக் குறைத்தது இல்லை, முறையைக் கூடுதலாகத் தெரிந்துகொண்டு குறைத்தது.

சில சமயம் வேலையைக் கூட்டுவதுதான் வீணைக் குறைக்கிற வழி. அரவிந்தில் அறுவையின் முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற மருந்தைச் சிறிதளவு செலுத்தும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். 20 லட்சம் கண்புரை அறுவைகளின் கணக்கு 2019-ல் வெளியானது. மருந்து செலுத்தாத கண்களில் உள்தொற்று 0.07 சதவீதம், செலுத்தியவற்றில் 0.02 சதவீதம். 10,000 பேரில் 7 பேருக்கு வந்த ஆபத்து 2 பேருக்குக் குறைந்தது. ஸ்டாப் வாட்சை மட்டும் பார்த்தால் இது 'கூடுதல் வேலை'. நோயாளியின் பக்கம் நின்று பார்த்தால், அந்தச் சில விநாடிகளைவிடப் பயனுள்ள விநாடிகள் அந்த அரங்கில் இல்லை.

நம் கடற்கரையிலிருந்து இரண்டு பாடங்கள்

இப்போது திரும்ப நம் பக்கம் வருவோம். கேளம்பாக்கம் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில், திருப்போரூரை அடுத்த ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டை நமக்கெல்லாம் தெரிந்த இடம். அங்கே ஒரு நிறுவனம் தயாரித்த கண் சொட்டு மருந்து 2023 பிப்ரவரியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஒரு பாக்டீரியாத் தொற்றை அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அந்த மருந்தோடு தொடர்புபடுத்தியது. 18 மாநிலங்களில் 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். 14 பேர் பார்வை இழந்தார்கள், 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று, 4 பேர் இறந்தார்கள். நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, தான் சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்றது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்ன குறைகள் மூன்று: போதுமான கிருமிச் சோதனை இல்லை, பல நாள் பயன்படுத்தும் பாட்டிலில் போதுமான பதப்பொருள் இல்லை, பிரித்தால் தெரிகிற மூடி முத்திரைக்குச் சரியான கட்டுப்பாடு இல்லை.

இதற்கும் லீன் முறைக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மூன்றையும் மறுபடி ஒரு தடவை படியுங்கள். செலவைக் குறைக்க உட்காருகிற எவர் கண்ணிலும் முதலில் படுகிறவை இவைதான். இந்த மூடி முத்திரையே 1982-ல் சிகாகோவில் யாரோ மாத்திரைப் புட்டிகளில் சயனைடு கலந்து 7 பேர் செத்த பிறகு வந்த ஏற்பாடு. அந்தக் கதை தெரியாதவருக்கு அது ஒரு பிளாஸ்டிக் வளையம், அரை ரூபாய் செலவு.

இரண்டாவது பாடம் செங்கல்பட்டு நகரை ஒட்டிய திருமணி. 1924 முதல் தொழுநோய் மருத்துவமனை இருந்துவரும் ஊர். 2008 ஜனவரியில், நல்ல உற்பத்தி நடைமுறை இல்லை என்று கிண்டி, குன்னூர், கசௌலி ஆகிய இடங்களில் இருந்த மூன்று அரசுத் தடுப்பூசி நிலையங்களின் உரிமங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 2010-ல்தான் அந்த ஆணை விலக்கப்பட்டது. பிறகு 2012-ல், 594 கோடி ரூபாய்த் திட்டமாக, 100 ஏக்கரில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் திருமணிக்கு வந்தது. அதை ஒட்டி 330 ஏக்கரில் மருத்துவக் கருவிப் பூங்காவுக்கு 2015-ல் மத்திய அமைச்சரவை அனுமதி தந்தது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை ஊரை உலுக்கிக்கொண்டிருந்தபோது, முதலமைச்சர் அந்த வளாகத்தைப் பார்வையிடப் போனார். கட்டடம் இருந்தது, இயந்திரம் இருந்தது, தடுப்பூசி உற்பத்தி தொடங்கியிருக்கவில்லை. நாம் லைனில் விநாடிக் கணக்கில் வீண் தேடுகிறோம். ஓனோவின் பட்டியலில் 'காத்திருப்பு' என்ற வரிக்கு இதைவிடப் பெரிய உதாரணத்தை நான் எந்தத் தொழிற்சாலையிலும் பார்த்ததில்லை.

தம்பி தங்கைகளுக்கு

நம் நாட்டில் கண் லென்ஸ், ஸ்டென்ட் போன்ற சில கருவிகள் 2005-லேயே மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. மருத்துவக் கருவி விதிகள் 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்தின் கீழ் வந்தன. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் லீன் திட்டம் 2023-ல் புதுப்பிக்கப்பட்டது. ஆக, ஒரு பக்கம் கட்டுப்பாடு கூடுகிறது, இன்னொரு பக்கம் வீண் களையச் சொல்லி ஊக்கம் தருகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஷாப் ஃப்ளோரில் நிற்கப்போவது இன்று நம் கல்லூரி வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிற நீங்கள்தான். மெக்கானிக்கல் ஆனாலும் சரி, பயோமெடிக்கல் ஆனாலும் சரி.

உங்களுக்கு என் ஒரே வேண்டுகோள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஸ்டாப் வாட்சைத் தொடாதீர்கள். ஒவ்வொரு சோதனையின் முன்னாலும் நின்று, "இது எந்த வருஷம், எதனால வந்தது?" என்று கேளுங்கள். கேட்க வேண்டிய ஆள் மேனேஜர் அறையில் இருக்க மாட்டார். மைக்ராஸ்கோப் முன்னால் இருபது வருஷமாகக் குனிந்திருக்கிற அக்காவிடம் கேளுங்கள். ஒரு சோதனைக்குப் பின்னால் ஒரு நோயாளியின் கதை இருந்தால் அதை விட்டுவையுங்கள். அதைச் சுற்றியிருக்கிற நடை, தேடல், இரட்டைப் படிவம், குவியல் ஆகியவற்றைக் களையுங்கள். எவ்வளவு தேடியும் காரணமே கிடைக்காத சோதனை என்றால், தரப் பிரிவோடு உட்கார்ந்து ஆராய்ந்து, நிரூபித்த பிறகு எடுங்கள். வரலாறு தெரியாமல் வீண் களையப் புறப்பட்டவனுக்குப் பயிரும் களையும் ஒன்றாகத்தான் தெரியும். மலரில் தொழில்நுட்பக் கட்டுரை எழுதாமல் வரலாறு எழுதியதற்குக் காரணம் அதுதான்.